மெயிலில் நாலாவது ஆள்

என்னைப் பாசஞ்சர் என்று கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் வரை அறந்தாங்கியில் அதுதான் என் பெயர். எங்கள் சைக்கிள் சிநேகிதர்களில் இரண்டு கோஷ்டி. ஆத்மநாதன், சிவசாமி, அடைக்கலம் மூவரும் பறப்பவர்கள், அவர்கள் மெயில் ரயில். மரத்துக்கு மரம் இறங்கித் தண்ணீர் குடிக்கிற மற்றவர்களெல்லாம் பாசஞ்சர். அதிலும் கடைசிப் பெட்டி நான்.

அதனால், கட்டுமாவடி காஜா மைதீனின் தங்கை கல்யாணச் சாப்பாட்டுக்குப் புறப்பட்ட அன்று, ஆத்மநாதன் என் வாசலில் வந்து நின்று, "அழகுமலை, இன்னைக்கி நீ எங்களோட வாய்யா" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பெண்டாட்டி சொர்ணவல்லிதான் சிரித்தாள். "அரை இட்லியோட எந்திரிச்சிட்டு மெயில்ல போறாகளாம்! பாதி வழியில கழட்டி விட்ருவாங்க. பேசாம பாசஞ்சர்லயே போங்க."

"வாயக் கழுவு புள்ள! மெயிலாத்தான் திரும்பி வருவேன், பாரு."

நாகுடி வரை பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களோடு ஒட்டிக்கொண்டே போய்விட்டேன். அதற்கு மேல் எதிர்காற்று. தொடை இரண்டும் கதறின. வேட்டி சங்கிலியில் மாட்டிக் கரியாகிவிட்டது. அவ்வளவுதான், விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, மெயில் எனக்காக நின்றது! சிவசாமி முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டான். அடைக்கலம் தன் இளநீரில் பாதியைக் கொடுத்தான்.

"நீ இல்லாம நாங்க போறதா? நல்லாருக்குய்யா!" என்றான் ஆத்மநாதன்.

அடடா, சிநேகிதம் என்றால் இதுவல்லவா! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மணியை விடாமல் அடித்துக்கொண்டு கட்டுமாவடிக்குள் நுழைந்தேன். ஆடுகளெல்லாம் தெறித்து ஓடின.

பந்தலெங்கும் நெய்ச்சோற்று வாசம். காஜா மைதீன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"வாங்க, வாங்க! ஒரு சகன் தாம்பாளத்துக்கு நாலு பேர் கூடுனாத்தானே எங்கள்ல சோறு வைப்பாங்க? அக்கா கல்யாணத்துக்கு இவங்க மூணு பேராப் பறந்து வந்துட்டு, பாசஞ்சர் வர்ற வரைக்கும் வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதான் இந்தத் தடவ, கொஞ்சமாத் திங்கிற ஆளாப் பாத்துக் கூட்டியாரோம்னு சந்தையில பாத்தப்பவே சொல்லிட்டாங்க!"

மூன்று பேரும் அண்ணாந்து பந்தல் துணியில் இருந்த பூக்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அடப்பாவிகளா! என் காலுக்காகக் கூப்பிடவில்லை, என் வயிற்றுக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

சகன் வந்தது. பெரிய தாம்பாளம், குவியலாய்ச் சோறு, நடுவில் மலையாய்க் கறி. சோறு கேட்கக் கேட்க வரும். கறி ஒரு தரம்தான். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து கைவைத்தோம். எனக்குக் கோபம் ஒரு பக்கம், எதிர்காற்றில் மிதித்து வந்த பசி ஒரு பக்கம். அந்த மாதிரிப் பசி என் ஆயுசில் வந்ததில்லை. ஆத்மநாதன் கண்வைத்திருந்த நல்லி எலும்பைத்தான் முதலில் எடுத்தேன். அவன் வாயைப் பிளந்தான். அதற்குள் அடுத்த துண்டும் என் கையில் இருந்தது.

"யோவ், பாத்து! ஒடம்புக்கு ஒத்துக்காது," என்றான் அடைக்கலம், அழாத குறையாக.

"மெயில்னா நிக்கப்படாதுய்யா," என்றேன், வாய் நிறையக் கறியோடு.

கறி தீர்ந்தது. பாவம், அவர்கள் ஆத்திரம் தாளாமல் வெறுஞ்சோற்றைக் கேட்டுக் கேட்டு அடைத்தார்கள்.

சாயங்காலம் கடல் காற்று முதுகில் தள்ள, நான் ஏறி மிதித்தேன். பின்னால் மூன்று பேரும் வயிற்றைத் தூக்க முடியாமல், மரத்துக்கு மரம் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தார்கள். நாகுடியில் திரும்பிப் பார்த்தேன். ஆளையே காணோம்.

வீட்டு வாசலில் மணியடித்தபோது சொர்ணவல்லி விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நம்பாமல் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தனியா வாரீக? மெயில் எங்க?"

"இந்தா நிக்குதுல்ல."

"அப்ப அந்த மூணு பேரு?"

"பாசஞ்சர்ல வாராங்க," என்றேன்.