உச்ச விலைக்கு வாய்க்கட்டு

மின்வாரியத்தின் ஏலப் பிரிவுத் தலைவருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. தன் நிழல் பின்னால் வந்தால்கூட நிறுத்தி, "உன்னை யார் அனுப்பினது?" என்று கேட்கிற மனிதர். சிரித்துக்கொண்டே வணக்கம் வைப்பவன் காரியக்காரன். சிரிக்காமல் வைப்பவன் கல்லுளிமங்கன். வணக்கமே வைக்காவிட்டால் காரியம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள்.

அப்பேர்ப்பட்டவர் கையில் வந்து விழுந்தது சூரிய மின்சார ஏலம். குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறவருக்கே ஒப்பந்தம். யூனிட்டுக்கு இதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் கேட்டவர் வெளியே என்று ஓர் உச்ச விலை உண்டு. அது பரம ரகசியம். தெரிந்துவிட்டால் அத்தனை பேரும் அதன் காதோரம் வந்து நின்றுகொள்வார்கள் அல்லவா? அந்த எண் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்: பூதக்கண்ணாடி, அவருக்கு மேலே இருந்த தலைவியம்மா.

எண்ணை எங்கும் எழுதி வைக்காமல் மண்டைக்குள் போட்டுப் பூட்டினார். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று, படுக்கும்போது வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டார். "பல்வலியா?" என்று கேட்ட மனைவியை அவர் பார்த்த பார்வையில் சுவர்க் கடிகாரமே நின்றுபோனது. காரணம் இல்லாமல் இல்லை. மனைவியின் தம்பி, ஏலத்துக்கு வரும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தான். ஞாயிறு தவறாமல் அக்காவைப் பார்க்க வந்துவிடுவான்.

கண்டவனும் உள்ளே நுழையாமலிருக்கப் பங்கேற்பு நிபந்தனைகளையும் தாமே எழுதினார். நிலம் கையில் இருக்க வேண்டும். ஒரு மின்நிலையமாவது கட்டி ஓட்டியிருக்க வேண்டும். ஏலத்தை எடுத்துவிட்டுக் கம்பி நீட்டுகிற வாய்ச்சொல் வீரர்களுக்காக வைப்புத்தொகை வேறு. அந்த நிபந்தனைகளுக்குள் ஓர் எறும்பு நுழைவதென்றாலும் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கூட்டிவர வேண்டும்.

ஏல நாளன்று திரையில் விலைகள் திறந்தன. ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் எல்லாரும் உச்ச விலைக்கு மயிரிழை கீழே, பள்ளிக்கூட வரிசை மாதிரி நின்றார்கள்.

தலைவியம்மா அறைக் கதவைச் சாத்தினார்.

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"நானும் சொல்லல மேடம்."

"அப்ப பல்லி சொல்லிச்சா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கண்டுபிடிங்க. இல்லன்னா உங்க பேரைத்தான் மேல அனுப்பணும். வேலை போயிடும், பாத்துக்கங்க."

வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அவர் வழக்கையே முடித்துவிட்டார். ஒரு நாள் காலையில் துண்டு கழுத்துக்கு இறங்கிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. உளறியிருக்கிறோம். மனைவி கேட்டிருக்கிறாள். தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். கூட இருந்தே குழி. தன் வேலை தப்ப வேண்டுமென்றால் மைத்துனன் பேரைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் வேலையும் போகும், அவன் வீட்டில் அப்புறம் அடுப்பும் எரியாது. எதற்கும் அவன் வாயாலேயே வரட்டும் என்று சாப்பிடக் கூப்பிட்டார்.

"என்ன அத்தான், சாப்பிடக் கூப்பிட்டுட்டு, தட்டை வைக்காம விளக்கை மூஞ்சிக்கு நேரா வெச்சிருக்கீங்க?"

"உச்ச விலையை உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான்."

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"தூக்கத்துலயா?" பூதக்கண்ணாடி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா முழிச்சிட்டுத்தான். நிபந்தனையில எழுதலையா நீங்க? வைப்புத்தொகைங்கறது, ஒரு வருஷ மின்சாரத்தை உச்ச விலைக்கு வித்தா வர்ற பணத்துல அம்பதுல ஒரு பங்குன்னு. பக்கத்துலயே தொகை இவ்வளவு, வருஷத்துக்கு யூனிட் இவ்வளவுன்னும் போட்டிருந்தீங்க. தொகையை அம்பதால பெருக்கி யூனிட்டால வகுத்தா உச்ச விலை. காபி ஆறுறதுக்குள்ள போட்டாச்சு. எங்க முதலாளிதான் நம்பல. பூதக்கண்ணாடி எழுதினதாச்சே, இதுல என்ன பொறி வெச்சிருக்காரோன்னு தூக்கமில்லாம சுத்தினாரு."

தொகையை மட்டும் மொட்டையாகப் போட்டால், 'இது எவனுக்குச் சாதகமாக வைத்தது?' என்று ஊர் தன்னைச் சந்தேகப்படுமே என்றுதான் பூதக்கண்ணாடி அந்த விளக்கத்தைச் சேர்த்திருந்தார். வாய்க்குக் காவல் போட்டவர் கைக்குப் போடவில்லை.

"அதுக்குத்தான் இவனைக் கூப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி. கரண்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மைத்துனன் தட்டில் மட்டும்தான் சாப்பாடு விழுந்தது.

மறுநாள் தலைவியம்மா கேட்டார்: "ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சான் மேடம். அவன் நாற்காலியிலதான் நான் உக்காந்துட்டு இருக்கேன்."

கணக்கை விளக்கிச் சொன்னார். தலைவியம்மா விரலால் மேசையில் ஏதோ வகுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அந்தப் பக்கத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்க, மேடம்."

ஏற்கெனவே சாத்தியிருந்த கதவை அவர் எழுந்துபோய் இன்னொரு தரம் சாத்தினார். பிறகு, "சரி, மேல போற கடிதத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும்" என்றார். "ஏலம் ரத்து. அடுத்த தடவை உச்ச விலையை வாசல் பலகையிலயே எழுதிப் போடுங்க. நிபந்தனையைக் கொஞ்சம் இளக்கி இன்னும் பத்துப் பேரை உள்ள விடுங்க. கூட்டம் சேர்ந்தா விலையை அவங்களே கீழ இழுத்துப்பாங்க. நமக்கு எதுக்கு இந்த ரகசியம்?"

இரண்டு பேரையும் கண்டித்து ஒரு வரி வந்ததோடு சரி. வேலை தப்பியது.

அன்று மாலை வீட்டில் மனைவி அந்தத் துண்டைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "தப்புதான்" என்றார்.

"பரவாயில்லை. ஆனா ஒண்ணு, துண்டு அவிழ்ந்த அன்னைக்கு நீங்க தூக்கத்துல பேசினது நெசம்."

"விலையையா சொன்னேன்?"

"அதெல்லாம் இல்ல."

"பின்னே?"

மனைவி துண்டை அவர் கையில் வைத்தாள். "அது எனக்கும் என் தம்பிக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."