பாட்டில் பேசாதவள்

"அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். அப்பா இருந்திருந்தா…"

"அவரு இருந்திருந்தா வெள்ளை எதுக்குண்ணா?"

"எகத்தாளத்தைப் பாரு! பெத்த அப்பனைப் பத்திப் பாடி நெட்டுல போட்டு, ஊரே சிரிக்க வெச்சவதானே நீ?"

முன்னறையில், ஐஸ் பெட்டிக்குள் ராசப்பன் கிடந்தார். உள்ளறையில் அவர் மகன் சபரிநாதனும் மகள் மைதிலியும் மல்லுக்கு நின்றார்கள். நடுவே கட்டிலில் அவர்களுடைய அம்மா பாப்பாயி. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டுவந்திருந்த அவள் தம்பி கருப்பண்ணன் கையில் வெள்ளைச் சேலை ஒன்று, ஊதாச் சேலை ஒன்று.

"இப்பிடி ஆவும்னு தெரிஞ்சுதான் செவ்வாய்ப்பேட்டையில ரெண்டா எடுத்தாந்தேன். வெரசா அடிச்சுக்கிட்டு முடிங்க சாமி."

மைதிலி பெங்களூரில் தோழிகளோடு கிடாரும் உடுக்கையுமாகப் பதிவுசெய்த பாட்டு அது. அப்பா ஒருநாளும் அம்மாமேல் கைநீட்டியதில்லை. "உனக்கெதுக்கு சிரமம் பாப்பா" என்று அம்மாவிடம் சொல்லி, அவள் கட்ட வேண்டிய சேலையைத் தினமும் அவரே எடுத்து வைப்பார். அவள் சொல்ல வேண்டிய பதிலையும் அவரே சொல்லிவிடுவார். அதைத்தான் மகள் பாடியிருந்தாள்:

கதவுல பூட்டில்லே,
காலுல கட்டில்லே,
கேக்காம ஓரடி
வெக்கத்தான் பழகல்லே.

"ஊதாதாம்மா கட்டோணும். இனி யாருக்கும் நீ பயப்பட வேண்டாம்." மைதிலி சேலையைப் பிரித்து அம்மாவின் தோளில் போட்டாள்.

பாப்பாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம் பாட்டைக் கேட்டேன் கண்ணு. உங்கண்ணி போன்ல போட்டுக் காட்டுனா."

"கோவமாம்மா?"

"கோவமென்ன. இன்னொருக்கா போடச் சொன்னேன். அழுகையா வந்துச்சு." மகளின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "அதுல உங்கப்பா பேசறாரு. நீ பேசறே. நாந்தான் ஒரு வார்த்தையும் பேசலை."

சபரிநாதன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மைதிலி ஊதாச் சேலையை அம்மாவின் தோளிலிருந்து எடுத்தாள். மடித்தாள், மடிப்பு கூடவில்லை. மாமனிடமிருந்து வெள்ளையையும் வாங்கி, இரண்டையும் கட்டிலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எது வேணும்மா? ரெண்டும் வேண்டாம்னாலும் சரிதான்."

பாப்பாயி ஒரு சேலையைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். பிறகு, எப்போதும்போல, புருஷன் இருந்த முன்னறைப் பக்கம் பார்த்தாள். வாசலில் மயான வண்டி வந்து ஹாரன் அடித்தது. கருப்பண்ணன் பேச வாயெடுத்தார், மைதிலி கையமர்த்தினாள்.

"மெதுவாச் சொல்லும்மா. வண்டி நிக்கட்டும்."