இடது சிறகு ஏன் குட்டை

கார் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டுக்குப் படம் எடுத்தார்கள். அதில் இரண்டு வரி பேச, டிராயிங் செக்‌ஷனிலிருந்து ஓய்வு பெற்ற அக்காவை அழைத்திருந்தார்கள். முதல் வண்டியை வரைந்தவர்களில் அவர் மட்டும்தான் மிச்சம். வயது எழுபத்து நான்கு.

'கப்பல் பயணத்தில் பார்த்த பறவையை முதலாளி என் கண் முன்னால் வரைந்தார். அதுதான் நம் சின்னம்.' பேச வேண்டியது இவ்வளவுதான்.

"சொல்லிட்டு வந்துடுக்கா," என்றார் தம்பி. "மனுஷனே போய்ச் சேர்ந்துட்டாரு. உனக்கு என்ன போச்சு?"

"வரைஞ்சது நான்டா."

காட்சிக் கூடத்தில் முதல் வண்டியைச் சுற்றி விளக்குகள் வைத்திருந்தார்கள். முதலாளியின் மகன், இப்போதைய தலைவர், எழுந்து வந்து வணங்கினார். அக்கா அந்த வரிகள் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து நாற்காலியில் வைத்தார்.

"இத நான் சொல்ல மாட்டேன் தம்பி. சின்னத்துக்குனு நான் கொடுத்த படத்தையெல்லாம் உங்கப்பா வேணாம்னுட்டாரு. மேஜையில பானெட்டைத் தூக்கி மூடுற கீல் ஒண்ணு விரிஞ்சு கிடந்துச்சு. ஆத்திரத்துல அதையே வரைஞ்சு நீட்டினேன். எடுத்துக்கிட்டாரு. பறவைக் கதை வந்தது அப்புறம், பத்திரிகைக்காரங்க கேட்டப்போ."

"எங்கப்பா பொய் சொன்னாருங்கறீங்களா?"

"ஆமா."

விளம்பர அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சின்னத்துல இடது சிறகு ஏன் குட்டை?" என்று கேட்டார் அக்கா.

"பறவை திரும்புது. சின்ன வயசுலேருந்து கேக்கற கதைதான்."

அக்கா வண்டியிடம் போனார். "அதத் தொடக் கூடாதும்மா," என்று அதிகாரி ஓடி வருவதற்குள் வண்டியின் மூக்குக்குக் கீழே கைவிட்டு, கொக்கியை விடுவித்து, பானெட்டைத் தூக்கிவிட்டார். உள்ளே இரண்டு தகடுகள் சிறகாக விரிந்த கீல். இடது தகடு குட்டை.

"இந்தப் பக்கம் வயர் கட்டு போகுது. முழுசா விட்டா இடிக்கும். குறைச்சது நான்."

கேமராக்காரர் கீலைப் பார்த்தார், சுவரில் இருந்த சின்னத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. பானெட்டைத் தானே மூடினார்.

"ஒரே மாதிரி இருந்தா நீங்க வரைஞ்சதா ஆயிடுமா?"

"ஆகாது. நான் வரைஞ்சதாலதான் ஒரே மாதிரி இருக்கு."

படம் பறவையோடுதான் வெளிவந்தது. விழாவுக்கு அக்காவுக்கு அழைப்பு இல்லை. விழா முடிந்த மூன்றாம் நாள் கீலையும் சின்னத்தையும் அருகருகே வரைந்து பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்கள் அதை அப்படியே போட்டார்கள். ஆதாரம் இல்லை என்றது கம்பெனி. ஆனால் கூடத்துக்கு வந்தவர்களெல்லாம் பானெட்டைத் திறக்கச் சொல்லிக் காவலாளியின் உயிரை எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி மூச்சிரைக்க வந்து செல்போனைக் காட்டினார். கூடத்தில் புதுப் பலகை: 'பறவை என்பார் சிலர், கீல் என்பார் சிலர்.'

"பாதி ஜெயிச்சுட்டக்கா."

"சிலர்னு போட்டிருக்கான். வரைஞ்சது ஒரே ஆளு." அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைவருக்கு எழுத உட்கார்ந்தார். 'தம்பி, உங்கள் பலகையில் ஒரு பிழை இருக்கிறது.'