ஏழாம் லயத்துக் கல்யாணம்

பாக்கியலெட்சுமிக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பதுளை ஓயா ஆற்றில் வீசியிருப்பாள். நாட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் சுகாதாரக் காப்புறுதி அட்டை என்று ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். புருஷன் முருகையாவுக்கு நெஞ்சில் வால்வு மாற்ற வேண்டும். அடுத்த மாதம் ஆறாம் தேதி நாள் குறித்தாகிவிட்டது. அட்டை இல்லாமல் ஆபரேசன் நடக்காது.

"ஒங்க வீட்டுக்கு இந்த வருசத்து ஆபரேசன் முடிஞ்சிருச்சேம்மா," என்றார் காப்புறுதி அலுவலர் மிப்ரான்.

"யாருக்குங்க முடிஞ்சிச்சு?"

"விஜேந்திரனுக்கு. கண்ணுல புரை."

அடக் கடவுளே! விஜேந்திரன் நாலு காம்பரா தள்ளிக் குடியிருப்பவர். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பரா, பன்னிரண்டு குடும்பம்; அதுதான் லயம். காம்பராக்களுக்கு எந்தக் காலத்திலும் நம்பர் கிடையாது. பதிவுக்கு வந்தபோது எல்லோரும் வழக்கம்போல 'ஏழாம் லயம்' என்றே விலாசம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் ஐம்பத்திரண்டு பேரையும் ஒரே வீடாக்கிவிட்டது. வீட்டுக்கு வருஷத்தில் ஒரு ஆபரேசன்தானாம்.

தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். "காம்பராவுக்கு நம்பர் குடுத்தா, நாளைக்கு வீடே ஒங்களதுன்னு நிப்பீங்க," என்று கிளாக்கர் கையை விரித்துவிட்டார்.

மறுபடி மிப்ரானிடம் போனாள்.

"வீட்டுலருந்து ஆளப் பிரிக்க ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு செத்திருக்கணும். இல்லாட்டிப் புதுசாக் கல்யாணம் முடிச்சிருக்கணும்."

"செத்தப்புறம் வால்வு என்னாத்துக்குங்க, நாக்கு வழிக்கவா?"

மிப்ரான் திரையை உற்றுப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பதியவே இல்லையே?"

பதியவில்லைதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. அந்தத் தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான்.

"இப்ப பதிஞ்சா?"

"தனிக் குடும்பம். தனி அட்டை. அன்னைக்கே தாறேன்."

ஆறாம் தேதிக்கு நாலு நாள் இருக்கையில் பதிவாளர் முன்னால் போய் நின்றார்கள். முருகையாவுக்கு நிற்க முடியவில்லை. படியேறிய இளைப்பில் நாற்காலியில் சரிந்திருந்தார். மகள் ஜெயந்தினி கைக்குழந்தையோடு சாட்சிக்கு வந்திருந்தாள்.

"இதுக்கு முந்திக் கல்யாணம் ஆனவங்களா?" என்று பதிவாளர் கேட்டார்.

பாக்கியலெட்சுமி தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினாள். மகள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

"ஆகலைங்க," என்றாள்.