ஹாலிஸ் ஏன் அழவில்லை

எழுத்தாளர் வெண்டல் தன் நாவலுக்காக உருவாக்கிய துப்பறிவாளனுக்கு எல்லாம் பொருந்தி வந்திருந்தது. பெயர் ஹாலிஸ். 1951ஆம் வருடத்து லாஸ் ஏஞ்சலிஸில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் ஆபீஸ். சாம்பல் நிறக் கோட்டு, மட்டமான விஸ்கி, யார் பொய் சொன்னாலும் மோப்பம் பிடித்துவிடும் மூக்கு. அவன் நேசித்தது ஓர் ஆணை. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் டெட்டோடு ஒரே அறையில் குடித்தனம். கதையின் நடுவில் டெட்டை யாரோ சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஹாலிஸ் கொலைகாரனைத் தேடிக் கிளம்புகிறான். ஆனால் அழவில்லை.

அதுதான் மார்கோவுக்குப் பிடிக்கவில்லை. மார்கோ நியூயார்க்கில் இருந்த பதிப்பாசிரியை. நல்லதைச் சொல்வதற்கு அவள் ஃபோன் செய்ததே கிடையாது.

"உங்க ஆளு என்ன கல்லா, வெண்டல்? கூட வாழ்ந்தவன் செத்துக் கிடக்கான், இவன் பாட்டுக்குத் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கிளம்புறான்!"

"அவன் அப்படித்தான், மார்கோ."

"அப்படியெல்லாம் இருந்தா எடுபடாது. ஒரே ஒரு பக்கம் அழ வைங்க. இல்லன்னா மேலிடத்துல புத்தகமே வேணாம்னுடுவாங்க. என்னால மல்லுக்கட்ட முடியாது."

வெண்டல் சரி என்றார். எதற்கெடுத்தாலும் சரி என்பதுதான் இப்போது அவருக்கு வசதியாக இருந்தது. போன வசந்தத்தில், கூட வாழ்ந்த ஆர்லோ மாரடைப்பில் போனதிலிருந்து அப்படித்தான். அடக்கத்தின்போதும் அவர் அழவில்லை. வந்தவர்களின் கோட்டுகளை வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த மக்ரோனியைச் சமையலறையில் நின்றபடியே தின்றார். உப்பா சப்பா என்று தெரியவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

இந்தப் புத்தகம் ஆர்லோவின் நச்சரிப்பால் பிறந்தது. "துப்பறியும் கதைல நம்மள மாதிரி ஆளு எப்பப் பாத்தாலும் பொணம், இல்லன்னா வில்லன். ஒரு தடவையாவது துப்பறியட்டுமேப்பா" என்று உயிரை வாங்குவான். அவன் கேட்டுப் பாக்கியிருந்தது இது ஒன்றுதான். இதுவும் அச்சேறாமல் போனால், அவனுக்காகச் செய்ய வெண்டலிடம் வேறு எதுவும் இல்லை.

எனவே ஹாலிஸை அழ வைத்தார். சுவரில் முட்டிக்கொண்டு, டெட்டின் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். பக்கத்து வீட்டு பெர்னீஸிடம் அதைப் படித்துக் காட்டினார். வெண்டல் அந்த ஐம்பதுகளில் டவுசர் போட்ட பொடியனாக எங்கோ நெப்ராஸ்காவில் திரிந்தவர். பெர்னீஸோ டாட் என்ற பெண்ணோடு இதே லாஸ் ஏஞ்சலிஸில் அந்தக் காலத்தை வாழ்ந்து தீர்த்தவள்.

கேட்டுவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டா, அடுத்த ரூம்ல வீட்டுச் சொந்தக்காரியம்மா காதத் தீட்டிக்கிட்டு இருப்பாளே, அவ சும்மா விடுவாளா? கூடக் குடியிருந்தவன் செத்ததுக்கு எவன்டா இந்த ஒப்பாரி வைப்பான்? மறுநாளே போலீசு வந்து நிக்கும். அப்பல்லாம் அது ஜெயிலுக்குப் போற குத்தம்டா."

"அப்ப என்னதான் பண்ணுவான்?"

"கட்டிலக் கலைச்சுப் போட்டுட்டு வேலைக்குப் போவான்."

வெண்டல் விழித்தார்.

"ஒண்ணும் தெரியாது, கதை மட்டும் எழுத வந்துட்டான்! ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கணும். படுக்கிறது ஒண்ணுல. விடிஞ்சதும் ஒருத்தர் இன்னொரு கட்டில்ல போய் உருண்டு, போர்வையக் கசக்கி, தலகாணியில பள்ளம் பண்ணி வைக்கணும். கூட்டிப் பெருக்க வர்றவ பாத்துருவா இல்ல? எங்க வீட்ல அது டாட் வேலை. அவ உருண்டா கட்டிலே கதறும்."

வெண்டல் வீட்டுக்குப் போய் அழுகைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். அன்றைக்கே மார்கோவைக் கூப்பிட்டு, புதிதாக எழுதியதை ஃபோனிலேயே படித்தார்.

டெட் செத்த மறுநாள் காலை ஹாலிஸ் எழுந்து முகம் கழுவுகிறான். வழக்கம்போல டெட்டின் கட்டிலில் படுத்து ஒரு தரம் உருள்கிறான், தலையணையை அமுக்குகிறான். எழுந்து நின்ற பிறகுதான் உறைக்கிறது. டெட் பிணவறையில் இருக்கிறான். அவன் கட்டிலில் ராத்திரி யார் படுத்தது என்று கேட்பார்கள். ஹாலிஸ் போர்வையை இழுத்துச் செருகி, தலையணைப் பள்ளத்தைத் தட்டி நிரப்புகிறான். அந்தக் கட்டில் முதல்முறையாக உண்மை பேசுகிறது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான்.

மறுமுனையில் மார்கோ பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கு. நெஜமாவே நல்லா இருக்கு. ஆனா தொப்பிய எடுக்குறப்பவாவது ஒரு சொட்டுக் கண்ணீர்..."

"முடியாது. வாசல்ல கூட்டுறவ தொடப்பத்தோட நிக்கிறா."

"ஒரே ஒரு சொட்டு, வெண்டல்."

"மார்கோ, ஆர்லோ செத்துட்டான்."

"யாரு ஆர்லோ?"

அத்தியாயம் தாமதமானபோது, வீட்டில் ஒரு சாவு என்று மட்டும் வெண்டல் அவளிடம் சொல்லியிருந்தார். வெளியாட்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தார். இது 1951 அல்ல. கூட்டிப் பெருக்க வருபவள் ஒருத்தியும் இல்லை. யாரும் கேட்காமலேயே இத்தனை மாதமும் அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

"என் ஆளு. இருபது வருஷம்... ஒரே கட்டில்ல படுத்தோம்" என்றார்.

"வெண்டல்? கேக்குதா? மேலிடத்துல நான் பேசிக்கிறேன். ஹாலிஸ் அழ வேணாம்."

பக்கத்து வீட்டு பெர்னீஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் அளவுக்கு வெண்டல் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார்.