சங்கர்ராம் துடுப்புப் போட்ட ஐம்பத்தேழு கிலோமீட்டர்

சங்கர்ராமுக்குத் தண்ணீர் என்றால் பயம். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில், மட்டாஞ்சேரியில் பிறந்து, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அந்தப் பயத்தைக் குறையாமல் காப்பாற்றி வந்தது லேசான காரியமில்லை. எர்ணாகுளத்துக்குப் போக வேண்டுமென்றால் படகுத்துறை பத்து நிமிஷ நடைதான். அவர் பஸ் பிடித்துத் தோப்பும்படி பாலம் சுற்றித்தான் போவார். வேலை வெல்லிங்டன் தீவில், ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில். முப்பது வருஷமாகக் கப்பல்களைக் காகிதத்தில் மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியை ஒரு ரத்தப் பரிசோதனை கெடுத்தது. சர்க்கரை ஏறியிருந்தது, கொழுப்பும் ஏறியிருந்தது. நடக்கலாமென்றால் முழங்கால் விடவில்லை. நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னபோது சங்கர்ராம் அவரைப் பார்த்த பார்வையில், டாக்டரே பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகு ஒரு மாதம் சங்கர்ராம் ஆராய்ச்சி செய்தார். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவது அவர் வழக்கம். வீடியோ பார்த்தார், குறிப்பெடுத்தார், நாலு மெஷின்களை ஒப்பிட்டுக் கட்டம் போட்டார். கடைசியில் முடிவுக்கு வந்தது வீட்டுக்குள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மெஷின். உட்கார்ந்தே செய்வதால் முட்டியில் பாரம் விழாது. கால், இடுப்பு, முதுகு, கை எல்லாவற்றுக்கும் வேலை. அதிலும் அவர் தேர்ந்தெடுத்தது தண்ணீர்த் தொட்டி வைத்த மாதிரி. கைப்பிடியை இழுத்தால் தொட்டிக்குள் துடுப்பு சுழலும், தண்ணீர் எதிர்த்துத் தள்ளும்.

"நெஜத் தண்ணியா?" என்று கேட்டாள் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி.

"பதினேழு லிட்டர். மூடி போட்டு இறுக்கியிருக்கும். வெளியில வராது."

"அப்படின்னா பயமில்லை," என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவர்கள் குடியிருந்தது கொச்சங்காடியில் ஒரு பழைய மாடி வீடு. கீழே யூசுப்பின் சுக்குக் கிடங்கு. மரப்படி செங்குத்தாக ஏறும். மெஷின் வந்த அன்று கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் அதைத் திருப்பித் திருப்பி மேலே ஏற்றினார்கள். யூசுப் கீழே நின்று மேற்பார்வை பார்த்தார். அவருடைய தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். தமிழ் மறக்கவில்லை, ஆனால் பாதி மலையாளமாகிவிட்டது; தண்ணீர் அவருக்கு வெள்ளம், படகு வள்ளம்.

"இது எந்தா சாமி?"

"வீட்டுக்குள்ளயே வள்ளம் துழையற மெஷின்."

"வெள்ளம் எவிடே?"

"உள்ள தொட்டியில ரொப்பணும்."

யூசுப் மேலே போகிற பெட்டியை அண்ணாந்து பார்த்தார். "வெள்ளத்துல வள்ளம் போகும், கண்டிருக்கேன். வள்ளத்துக்குள்ள வெள்ளம் வந்தா அது முங்கும் அல்லே?" என்றார். மூட்டைக்காரர்கள் படியிலேயே பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சங்கர்ராம் புது டி-ஷர்ட்டும் அரை டிரவுசருமாக ஏறி உட்கார்ந்தார். பாதத்தைப் பட்டையில் மாட்டிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்து, கிணற்றுக் கயிறு இழுப்பதுபோலக் கையால் வலித்தார். தண்ணீர் சளசளவென்று சத்தம் போட்டது. ஆர்வம் வந்துவிட்டது. நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுத் தடவை இழுத்தார். ஏழாவது நிமிஷத்தில் கண்ணுக்குள் மின்மினி பறந்தது. இறங்கி, பெருமையோடு தரையில் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெங்களூரில் பிசியோதெரபி படித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கிற மகள் அதிதி, வீடியோ அழைப்பில் அப்பா இழுப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, கையால இழுக்கக் கூடாது. முதல்ல கால். காலால பலகையைத் தள்ளுங்கோ. கால் நீண்டப்புறம் உடம்பைக் கொஞ்சம் பின்னாடி சாய்ங்கோ. கடைசியிலதான் கை, விலா எலும்புகிட்ட வரணும். திரும்பறச்சே அப்படியே தலைகீழ். கை நீளணும், உடம்பு முன்னாடி வரணும், அப்புறம் முட்டி மடங்கணும்."

"வீடியோவில வேற மாதிரி…"

"நிமிஷத்துக்கு இருபதுக்கு மேல வேண்டாம். மெதுவா, ஆனா பலமாத் தள்ளுங்கோ. பத்து நிமிஷம் போறும். முதுகைக் கூன் போடாதேங்கோ."

"அதெல்லாம் ஆரம்பக்காராளுக்குச் சொல்றது."

"நீங்க யாரு அப்பா?"

சங்கர்ராம் நெட்வொர்க் சரியில்லை என்று அழைப்பை முடித்தார். சமையலறை வாசலில் அனந்தலக்ஷ்மி கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டவள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஒன்பது நாள் ஓடியது. மெஷின் திரையில் மொத்த தூரம் பதினொரு கிலோமீட்டர் காட்டியது. பத்தாம் நாள் மழை. பதினொன்றாம் நாள் ஏகாதசி. அதற்கப்புறம் அவர் காரணம் தேடுவதை நிறுத்திவிட்டார். ஆனால் காலையில் மெஷினில் உட்காருவதை மட்டும் விடவில்லை. பாதத்தைப் பட்டையில் மாட்டிக்கொண்டு அங்கேயே செய்தித்தாள் படிப்பார். நடுவில் மரியாதைக்கு நாலு இழுப்பு. பட்டை இப்போதெல்லாம் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றியது. காலில் நீர் கோத்திருக்கும் என்று நினைத்துத் தினமும் இரண்டு துளை தளர்த்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, எதையோ அழுத்தப்போய்த் திரையில் மொத்த தூரம் வந்து நின்றது. ஐம்பத்தேழு கிலோமீட்டர்.

சங்கர்ராம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நியாயமாக அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எண் கண்ணுக்கு நன்றாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பு கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது, நல்ல மெஷின் அதையும் கணக்கில் எடுக்கும் என்று முடிவு செய்தார். படம் பிடித்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: 'தொடர் முயற்சி.'

அரைமணி நேரத்தில் நாற்பது கட்டைவிரல்கள் வந்தன. ஆலப்புழை வரைக்கும் துழைந்து போயாச்சே என்று ஒருவர் எழுதினார். பர்சனல் பிரிவு மேனேஜர் ஹரிஷங்கர் நேரில் வந்து கை குலுக்கினார். "சார், களமசேரி யார்டுல ஸ்டாஃபுக்கு ஜிம் திறக்கறோம். எம்.டி. உங்க படத்தைப் பார்த்தார். இதே மெஷின் ரெண்டு வருது. நீங்கதான் ஐந்நூறு மீட்டர் ஓட்டித் தொடங்கி வைக்கணுமாம்."

சங்கர்ராம் சிரித்த முகத்தோடு சரி என்றார். ஐந்நூறு மீட்டர் ஓட்ட எத்தனை நிமிஷம் ஆகும் என்று மத்தியானம் முழுக்க வீடியோ தேடினார்.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் போகக் கீழே இறங்கியபோது யூசுப் நிறுத்தினார்.

"சாமி, மேல பைப் லீக்கு உண்டோ? தினம் பதினொண்ணு மணிக்கு வெள்ளத்தோட சத்தம். சளக்… சளக்… பத்து மினிட். பின்னே தானே நிக்கும். சுக்குல ஈரம் பட்டா என் கத கழிஞ்ஞு."

பதினோரு மணிக்குச் சங்கர்ராம் ஆபீஸில் இருப்பவர். தொட்டிதான் ஒழுகுகிறது, மெஷினில் கோளாறு, அதனால்தான் தூரமும் தப்பாக ஏறியிருக்கிறது என்று அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. களமசேரியிலிருந்து தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பதினோரு மணி அடித்ததும் சத்தமில்லாமல் படியேறினார்.

கதவு ஒருக்களித்திருந்தது. சளக் என்று ஒரு சத்தம், நிதானமான ஓர் இடைவெளி, மறுபடி சளக்.

மெஷினில் அனந்தலக்ஷ்மி இருந்தாள். அதிதி விட்டுப்போன பழைய டிராக் பேன்ட், மேலே அவருடைய சட்டை ஒன்று, தலைமுடி உச்சியில் முடிந்திருந்தது. கால் தள்ளியது, உடம்பு சாய்ந்தது, கை வந்தது. கை நீண்டது, உடம்பு முன்னே போனது, முட்டி மடங்கியது. எங்கேயும் அவசரமில்லை. முதுகு நேராக இருந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த முதுகை அடுப்பு முன்னாலும் துவைக்கிற கல் முன்னாலும் குனிந்த நிலையில்தான் அவர் பார்த்திருந்தார். அல்லது, பார்த்ததே இல்லை.

அவள் அவரைக் கவனித்தாள். நிறுத்தவில்லை. எண்ணிக்கையை முடித்துவிட்டுத்தான் கைப்பிடியை வைத்தாள்.

"என்ன, சீக்கிரம் வந்துட்டேள்?"

"எத்தனை நாளா?"

"நீங்க பேப்பரோட உக்கார ஆரம்பிச்ச மறுநாள்லேர்ந்து. அதிதி சொன்ன மாதிரியே."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அனந்தலக்ஷ்மி துண்டால் கழுத்தைத் துடைத்தாள். "சொன்னா நீங்க சொல்லிக் குடுக்க வருவேள்."

சங்கர்ராமுக்குச் சுருக்கென்றது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, வெட்கம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. களமசேரிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவளிடம் கேட்டிருந்தால் எட்டு நாளில் ஓரளவு பழகியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இழுத்தார். இடுப்பு மறுபடி பிடித்தது.

விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே என்றால் புடவைதான் கட்டுகிற அனந்தலக்ஷ்மி அன்று சுடிதார் போட்டுக்கொண்டாள். புழுக்கம், அதனால்தான் என்று சங்கர்ராம் நினைத்தார்.

ரிப்பன் வெட்டினார்கள். மெஷினைச் சுற்றி ஆபீஸ்காரர்களும் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர்களுமாக எண்பது பேர் நின்றார்கள். சங்கர்ராம் உட்கார்ந்து இழுத்தார். முதல் நூறு மீட்டர் பறந்தார். இருநூறில் வாய் திறந்துகொண்டது. முந்நூறில் கைதட்டல் நின்று கவலை தொடங்கியது. ஐந்நூறு முடிந்தபோது திரையில் மூன்று நிமிஷம் நாற்பத்தொரு வினாடி. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

அந்த மூச்சிரைப்பில் அவருக்கு என்ன தோன்றியதோ, மைக்கைக் கேட்டு வாங்கினார். அவர் செய்தவற்றிலேயே அன்றைக்குச் செய்ததுதான் தைரியமான காரியம்.

"அந்த ஐம்பத்தேழு கிலோமீட்டர் நான் ஓட்டலை. பதினொண்ணுதான் என்னோடது. மிச்சம் நாப்பத்தாறும் என் ஆம்படையா ஓட்டினது. நான் அதுல உக்காந்து பேப்பர்தான் படிச்சேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன தன்னடக்கம்! மனைவிக்கு இப்படிப் பெருமை விட்டுக்கொடுக்கறவா எத்தனை பேர் இருக்கா?" என்று அவர் சொன்னதும் கைதட்டல் எழுந்தது.

"நெஜமாத்தான் சொல்றேன்," என்றார் சங்கர்ராம். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அப்போது அனந்தலக்ஷ்மி நாற்காலியிலிருந்து எழுந்தாள். துப்பட்டாவை மடித்து ஹரிஷங்கர் கையில் கொடுத்தாள். மெஷினில் உட்கார்ந்து, பட்டையை இரண்டு துளை இறுக்கி மாட்டினாள். சங்கர்ராம் அந்தப் பட்டையையே பார்த்தார். தன் காலில் நீர் கோக்கவில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் இழுக்க ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கியது. பேச்சும் அடங்கியது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. முந்நூறு தாண்டியபோது கிரேன்காரர்களில் ஒருவர் விசிலடித்தார். இரண்டு நிமிஷம் இருபத்தெட்டு வினாடி. அவள் சாதாரணமாக இறங்கித் துப்பட்டாவை வாங்கிக்கொண்டாள்.

எம்.டி. சங்கர்ராமின் தோளைத் தட்டினார். "பிரமாதம், சங்கர்ராம். ஒரு மாசத்துல இப்படி டிரெயின் பண்ணியிருக்கேளே!"

"நான் ஒண்ணும் பண்ணலை சார். அவளாவே…"

"பார்த்தேளா, மறுபடியும்!" என்று எம்.டி. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

பொன்னாடை வந்தது. அதைச் சங்கர்ராமுக்குப் போர்த்தினார்கள். அவர் பதறிப்போய் எடுத்து மனைவி தோளில் போட்டார். எண்பது பேரும் கைதட்டினார்கள், சங்கர்ராமுக்காக.

திரும்பும் பஸ் இடப்பள்ளி தாண்டியது.

"கோபமா?" என்றார் அவர்.

"எதுக்கு?"

"எல்லாம் என் பேருக்கு வந்துடுத்தே."

"வந்தா வரட்டும். போன வாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணினேன். சுகர் நூத்தெழுபதுலேர்ந்து நூத்திப்பத்துக்கு இறங்கியிருக்கு."

"உனக்குச் சுகர் இருக்கா?"

"நாலு வருஷமா."

சங்கர்ராம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மெட்ரோ தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நாலு வருஷமாகத் தன் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவு வந்தது. அவள் காப்பியில் எவ்வளவு போடுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமைதோறும் களமசேரியில் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி தர, பயிற்சியாளர் திரு. சங்கர்ராம் அவர்கள் இசைய வேண்டும் என்றிருந்தது. தனக்குப் பதிலாக மனைவி வருவாள் என்று பதில் எழுதினார். உதவியாளரை அனுப்புவதில் ஆட்சேபம் இல்லை என்று ஹரிஷங்கர் பதில் போட்டார். அனந்தலக்ஷ்மி அதைப் படித்துவிட்டு முதல் சனிக்கிழமை கிளம்பிப் போனாள். பதினாறு பெண்கள் வந்திருந்தார்களாம். ஒருத்தியும் சங்கர்ராமைக் கேட்கவில்லையாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். கையில் செய்தித்தாள் இல்லை.

"எனக்கும் சொல்லிக் குடு."

"பேசாம இருப்பேளா?"

"இருப்பேன்."

"உக்காருங்கோ. முதல்ல காலால மட்டும் தள்ளுங்கோ. கையை நீட்டியே வெச்சுக்கோங்கோ."

இரண்டு நிமிஷம் தள்ளினார். பிறகு வாய் தானாகத் திறந்தது. "வீடியோவில என்ன சொல்றான்னா…"

அனந்தலக்ஷ்மி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அன்றைய பாடம் அவ்வளவுதான். அடுத்த நாள் நாலு நிமிஷம் தாக்குப்பிடித்தார். அந்த வாரக் கடைசியில் பத்து நிமிஷம் முழுசாக, ஒரு வார்த்தை பேசாமல், நிமிஷத்துக்குப் பதினெட்டு என்று தள்ளி முடித்தபோது, இடுப்பு வலிக்கவில்லை. அவர் வியப்போடு அவளைப் பார்த்தார். அவள் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கூன் இருக்கு," என்றாள். "நாளைக்குப் பார்க்கலாம்."