நாலு சொட்டுத் தைலம்

குளிருக்காக ஹீட்டர் வந்தது. ஹீட்டருக்காக இன்னொரு பெட்டி வந்தது. வசதியான வீட்டில் ஒரு சாமான் தனியாக வந்து நான் பார்த்ததில்லை.

வெலிமடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற அந்தப் பழைய துரை பங்களாவை இளையதம்பி டாக்டர் ஓய்வுபெற்றதும் வாங்கினார். நான் கலாராணி. கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து போய் ஒன்பது வருசமாக அங்கே சமையலும் வீட்டு வேலையும் பார்க்கிறேன். டாக்டருக்கு நுரையீரல் பழுதாகிக் குளிர் ஆகாது என்று ஆனதும், கனடாவில் இருக்கிற மகன் நிருபன் கூரைக்குள் குழாய் ஓட்டி எல்லா அறைக்கும் சூட்டுக் காற்று வரச் செய்தார். வந்தது. வீடும் சேர்ந்து காய்ந்தது. ஆடி மாதத்து வறண்ட கச்சான் காற்று வேறு. அலுமாரிக் கதவு வெடித்தது. டாக்டருக்கு மூக்கில் இரத்தம் வந்தது.

அதற்குத்தான் இந்தப் பெட்டி. அதைக் குழாயோடு பூட்டிவிட்டால், போகிற காற்று ஈரத்தோடு போகும். பூட்ட வந்த ஜஸீல் என்னிடம் மூன்று தடவை சொன்னார்: "அக்கா, இதுக்குள்ள சுத்தமான தண்ணி மட்டும்தான். வேற ஒண்ணும் ஊத்தாதீங்க."

தண்ணீர் ஊற்றத் தெரியாதவளா நான்? தலையை ஆட்டிவைத்தேன்.

ஒரு வாரத்தில் மூக்கு இரத்தம் நின்றது. இருமல் நிற்கவில்லை. லயத்தில் யாருக்கு நெஞ்சு கட்டினாலும் கொதிக்கிற தண்ணீரில் யூக்கலிப்டஸ் தைலம் விட்டு, கம்பளியை மூடி ஆவி பிடிப்போம். டாக்டரால் குனிந்து உட்கார முடியாது. வீடு முழுக்க ஈரக்காற்று விடுகிற பெட்டி இருக்கும்போது கம்பளி எதற்கு? வெள்ளிக்கிழமை தண்ணீரோடு நாலு சொட்டு விட்டேன். சனிக்கிழமை இன்னும் கொஞ்சம். வீடே மணந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு மத்தியானம் டாக்டருக்கு மூச்சுத் திணறியது. பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். செவ்வாய் காலை போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், பாய் விரித்தேன், பாத்திரம் கழுவினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டேனா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து பெட்டியைக் கழற்ற ஜஸீல் வந்தார். உள்ளேயிருந்த பஞ்சை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தைலம் ஊத்தினீங்களா?"

"ஆமா தம்பி."

"நுரையீரல் சீக்குக்காரங்களுக்கு இது ஒத்துக்காம போகலாம் அக்கா. நான் யாருக்கிட்டயும் சொல்லல்ல."

அவர் சொல்லமாட்டார். நானும் சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கும். சாவுக்கு வந்திருந்த நிருபன், அன்று பின்னேரம் கனடா திரும்பக் கொழும்புக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்து, "அக்கா, நீங்கள் பாத்த மாதிரி நான்கூட அப்பாவைப் பாத்திருக்கமாட்டன்," என்றார். அதைக் கேட்டபிறகு மறைக்க என்னால் முடியவில்லை. நேராக லீலாதேவி அம்மாவிடம் போனேன். டாக்டரின் மனைவி. கட்டிலில் கணவருடைய உடுப்புகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெட்டியில தைலம் ஊத்துனேங்க. வேணாம்னு சொல்லியும் ஊத்துனேன். ஐயாவுக்கு மூச்சு முட்டுனது அதாலதான்னு நெனைக்கிறேன்."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும், கலா. வெள்ளிக்கிழமையே அவர் சொன்னவர், இந்த மணம் நெஞ்சை எரிக்குது, நிப்பாட்டச் சொல்லு எண்டு. நீ நல்லதுக்குத்தானே செய்யிறாய். சொன்னால் உனக்கு மனம் நோகும் எண்டு நான் சொல்லேல்லை."

கோபம் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"ஓம்," என்றார்.

அடுத்த வேட்டியை எடுத்து உதறினார். மறுமுனையை நான் பிடித்தேன்.